கோரல் ஓந்தோவின் மூக்கு

எங்கள் ஊர்த் தேவாலயத்தில் மணி உடைந்து பதினொரு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் இருக்கிறது, டாக்டர் இல்லை. ஆனால் ஒயினுக்கென்று ஒரு சகோதர சபை இருக்கிறது. பன்னிரண்டு உறுப்பினர்கள். பன்னிரண்டு பேருக்கும் கணுக்கால் வரை தொங்கும் கருஞ்சிவப்பு அங்கி. சால்தா நகரத்தில் தைக்கக் கொடுத்தோம். தையல்காரி ஏதோ நாடகத்துக்கு என்று நினைத்துக் கழுத்தைச் சுற்றித் தங்க ஜரிகை வைத்துவிட்டாள். யாரும் பிரிக்கச் சொல்லவில்லை.

நான் அந்தச் சபையின் செயலாளர். நகராட்சியில் எழுத்தர் வேலை பார்ப்பவன் தலையில் ஊரிலுள்ள எல்லாச் செயலாளர் பதவியும் வந்து விழும்.

சபையின் வேலை பத்தேரோவைக் காப்பது. மாட்டுத்தோலை நான்கு கம்பங்களில் கட்டித் தொட்டியாக்கி, கறுப்புத் திராட்சையைக் கொட்டி, வெறுங்காலால் மிதித்து, குடுவையில் ஊற்றி, ஒரு வருடம் இருட்டில் வைத்தால் அது பத்தேரோ. எந்திரம் பட்டால் அது வெறும் சிவப்பு ஒயின். எங்கள் ஊர் கோரல் ஓந்தோ இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே கொடிகளுக்கு வெயில் அதிகம், தண்ணீர் குறைவு. மனிதர்களுக்குக் கர்வம் அதிகம், காரணம் குறைவு. சபை உறுப்பினர்களில் மூன்று பேர் வீட்டுக் கொல்லையில் மின்சாரப் பிழிவு எந்திரம் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. அந்த மூன்று பேர்தான் கூட்டத்தில் பாரம்பரியத்தைப் பற்றி அதிகம் பேசுவார்கள்.

சபைத் தலைவர் தோன் செவேரோ அர்ஹோனா. பெரியவர்களை நாங்கள் மரியாதையாகத் தோன் என்போம், அவர்கள் மனைவியரைத் தோன்யா. இருபத்திரண்டு வருடமாக நடுவரும் அவர்தான். அவர் மூக்குதான் எங்கள் ஊருக்கு இருந்த ஒரே பொதுச்சொத்து. ஒரு கிண்ணம் ஒயினை மோந்துவிட்டு, இது ஓடைக்கு எந்தப் பக்கத்துக் கொடி, மிதித்த அன்று காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, மிதித்தவன் முதல் நாள் பெண்டாட்டியோடு சண்டை போட்டானா என்பது வரை சொல்லுவார். பாதி புளுகு. மீதிப் பாதி பயமுறுத்தும் அளவுக்கு உண்மை. அந்த மூக்கை அவர் நடந்துபோகும்போது முன்னால் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு போவதுபோலக் கொண்டுபோவார்.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, ஊர் முழுக்கப் புது திராட்சையை மிதித்துக்கொண்டிருக்கும் சமயத்தில், போன வருட ஒயினுக்குச் சதுக்கத்தில் தீர்ப்பு. எங்கள் பக்கத்தில் குடிக்கும் முறை ஒன்று உண்டு. குடித்தவன் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி, "நான் குடிச்சாச்சு, இனி நீ" என்று ஒருவர் பெயரைச் சொல்லுவான். பெயர் சொல்லப்பட்டவர் "ஏத்துக்கிட்டேன்" என்று சொல்லி அதே அளவு குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்க்க வேண்டும். மாட்டேன் என்றால் அது செருப்பால் அடித்ததற்குச் சமம். தீர்ப்பு நாளிலும் அதே முறைதான். நடுவர் குடிப்பார், பிறகு ஒயினுக்குச் சொந்தக்காரரைக் குடிக்கச் சொல்லுவார். அடுத்தவனுக்கு ஊற்றுவதைத் தானும் குடிக்க வேண்டும் என்றால் எவன் மோசம் செய்வான் என்று முன்னோர்கள் யோசித்திருக்கிறார்கள். எங்கள் முன்னோர்களுக்கு எங்களைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

பிடித்திருந்தால் நடுவர் குடுவையின் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுவார். பிடிக்காவிட்டால் குடுவையைத் தூக்கிச் சதுக்கத்து மண்ணில் கவிழ்ப்பார். கவிழ்க்கும்போது தோன் செவேரோ ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லுவார். "பூமித்தாய்க்கு. அவ பாவம், எதையும் குடிப்பா."

கூட்டம் சிரிக்கும். சொந்தக்காரன் காலிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அந்த வருடம் முழுக்க அவன் வீட்டு ஒயினை யாரும் வாங்கமாட்டார்கள்.

போன வருடம் அப்படிப் போனவன் திபுர்சியோ யபூரா. அவன் மகளுக்கு நான் ஞானத் தகப்பன். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் ஒயின் மோசமில்லை. லேசாகப் புளித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு தோன் செவேரோவுக்கு வெளியூர் விருந்தாளிகள் முன்னால் ஒரு குடுவையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. ஜூன் மாதத்தில் திபுர்சியோவின் மனைவி மகளை அழைத்துக்கொண்டு சால்தாவுக்குப் போனாள், ஏதோ வீட்டில் சமையல் வேலைக்கு. திரும்பி வரவில்லை.

ஜூலையில் ஊருக்குள் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்தது, எல்லோருக்கும் போனது. தோன் செவேரோவுக்கு மட்டும் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி தோன்யா எர்மினியாவுக்குத் தெரியும், அவளும் சொல்லவில்லை. மூக்கு போனது தெரிந்தால் நடுவர் நாற்காலி போகும். அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் தோன் செவேரோ என்பவர் மூட்டுவலி உள்ள ஒரு கிழவர், அவ்வளவுதான். அது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் ரொட்டிக்கடை பெத்ரோனா. அடுப்பில் ஒரு தட்டு ரொட்டி முழுவதும் கருகிக்கொண்டிருந்தபோது அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ஆகா, ரொட்டி வேகுற இந்த வாசனைக்கே ஒரு கிண்ணம் குடிக்கலாம்" என்றாராம். பெத்ரோனா மாலைக்குள் முப்பது பேரிடம் சொல்லிவிட்டாள்.

ஊர் நம்பவில்லை. அதாவது, சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டது. சவரக்காரர் கசிமிரோ சவரம் முடிந்ததும் வாசனைத் தண்ணீருக்குப் பதிலாக மண்ணெண்ணெயைக் கன்னத்தில் தடவி அனுப்பினார். தோன் செவேரோ நேராகத் திருப்பலிக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தாமலே மெழுகுவர்த்தியை இரண்டடி தள்ளிவைத்தார்.

சபைக்காரர்கள் நாங்கள் சும்மா இருப்போமா. செப்டம்பர் மாதக் கூட்டத்தில் தலைவர் நாற்காலிக்கு அடியில் நான்கு நாள் ஆன ஆட்டுத்தலை ஒன்றை யாரோ வைத்தார்கள். யாரோ என்றால் சபைப் பொருளாளர். "ஒயினில் நறுமணத்தின் கண்ணியம்" என்ற தலைப்பில் தோன் செவேரோ ஒரு மணி நேரம் பேசினார். பதினொரு பேர் கண்ணில் நீர் வழிய, கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு கேட்டோம். நாங்கள் நெகிழ்ந்துவிட்டோம் என்று நினைத்து அவர் பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பாரம்பரியத்துக்காக எங்கள் சபை பட்ட ஒரே கஷ்டம் அதுதான்.

கடைசியில் தோன்யா எர்மினியா அவரைக் கூப்பிட வந்தாள். வாசலிலேயே நின்றாள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அவர் தொப்பியை எடுத்துக் கொடுத்து, "வாங்க, சூப் ஆறிடும்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

விசித்திரம் என்னவென்றால், மூக்கு போன பிறகும் அவர் தீர்ப்பு தப்பவில்லை. மாதாமாதம் சபையில் ஏதாவது ஒயினைக் கொண்டுவந்து வைப்போம். நல்லதை நல்லது என்றார், கெட்டதைக் கெட்டது என்றார். சொல்லப்போனால் முன்னைவிடச் சரியாகவே சொன்னார். எல்லோரும் குழம்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணம் எடுத்துக்கொடுப்பவன் என்பதால் நான்தான் பிடித்தேன். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். இப்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தார். தான் குடித்துவிட்டுச் சொந்தக்காரனைக் குடிக்கச் சொல்லி, அவன் விழுங்கும்போது அவன் முகத்தையே பார்ப்பார். தன் ஒயின் நன்றாக இல்லை என்று தெரிந்தவன் தொண்டை ஒரு நொடி தயங்கும். அதை அவர் படித்துவிடுவார். வீட்டில் எட்டு மாதமாகச் சாப்பாடு கெட்டதா, பால் திரிந்ததா என்று மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டதில் வந்த பழக்கம்.

அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. இருந்தும் போய்ச் சொன்னேன்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பெயர் எழுதிக்கொள்ள திபுர்சியோ வீட்டுக்குப் போனேன். முழங்கால் வரை ஊதா நிறத்தோடு தொட்டியில் தனியாக மிதித்துக்கொண்டிருந்தான். மிதிப்பது இரண்டு பேர் வேலை.

"இந்த வருசம் பேர் குடுக்கறியா, கொம்பாத்ரே?"

"எதுக்கு? மறுபடி பூமித்தாய்க்கு ஊத்தவா? அந்தாளுக்கு மூக்கு செத்துப்போச்சுன்னு ஊரே சொல்லுது. ஆனா இன்னும் நாற்காலில உக்காந்து சரியாச் சொல்றானே, அது எப்படி?"

"மூக்கால சொல்லல. மூஞ்சியப் பாத்துச் சொல்றாரு."

"யார் மூஞ்சிய?"

"ஊத்தினவன் மூஞ்சிய."

மிதிப்பதை நிறுத்தினான். யோசித்தான். தொட்டியிலிருந்து இறங்கி, பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் ஒரு காலை விட்டுக் கழுவினான். பிறகு மற்றக் காலை. தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பானது, பிறகு நல்ல கருஞ்சிவப்பு. நாங்கள் இரண்டு பேரும் வாளியைப் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று எனக்கு நினைவில்லை. அவன்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

"ஆனா நீயும் குடிக்கணும்," என்றேன். "அதே அளவு. மூஞ்சி கோணாம."

"என் கால்தானே கொம்பாத்ரே. நாப்பத்தஞ்சு வருசமா என்னைத் தூக்கிட்டு நடக்குது. ஒரு கிண்ணம் குடிச்சா என்ன குறைஞ்சுடும்?"

"ஒரு வாரத்துல நாறிடுமே."

"அவருக்கா?"

அந்த வாரம் முழுக்கக் கால்களை அந்த வாளியிலேயே கழுவினான். ஒரு கரண்டி காடியும் கருக்கிய சர்க்கரையும் சேர்த்தான். சவரக்கடைக் கண்ணாடி முன்னால் நின்று காடியைக் குடித்துக் குடித்து, சொர்க்கத்தைப் பார்த்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினான். கசிமிரோ பக்கத்தில் நின்று திருத்தம் சொன்னார். "புருவத்த இவ்வளவு தூக்காத. நல்ல ஒயினுக்குத்தான் தூக்குற, கடனத் தள்ளுபடி பண்ணினதுக்கு இல்ல."

என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தான். பட்டியலில் பெயர்கள் ஸ்பானிய எழுத்து வரிசையில் வரும். யபூரா என்றால் எப்போதும் கடைசி. "கடைசி ஆள் வர்றப்ப பாதிப்பேர் எம்பனாடா திங்கப் போயிடுவானுங்க. என்னை ருஃபினாவுக்கு முன்னால போடு, எல்லாரும் பாக்கணும்." போட்டேன். ஒரு கோடு, ஒரு அம்புக்குறி. வேலை முடிந்தது.

ருஃபினா லியேந்த்ரோ ஓடைக்கு மேலே, ஊரிலேயே உயரமான இடத்தில் தனியாகக் கொடி வைத்திருப்பவள். நாற்பது வயது. முந்தின வருடம் ஆலங்கட்டி மழையில் ஒரே ஒரு வரிசைக் கொடி தப்பியது. அதிலிருந்து ஒரே ஒரு குடுவை. பெயர் கொடுக்க வந்தபோது, "இந்தத் தடவை என்னமோ நல்லா வந்திருக்கு செயலாளரே. ராத்திரி எந்திரிச்சுப் போயி மோந்து பாத்துட்டு வந்து படுக்குறேன்," என்றாள். எதையும் முகத்தில் ஒளிக்கத் தெரியாதவள். சீட்டாட்டத்தில் அவளை யாரும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அதனால்தான் வாளி விஷயத்தை ஊரெல்லாம் சொன்ன நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. காரியத்தைக் கெடுத்துவிடுவாள்.

விழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. புவனோஸ் ஐரெஸிலிருந்து எஸ்தேவெஸ் என்று ஒரு ஹோட்டல்காரர் வந்திருந்தார். சிவப்பு நூல் கட்டிய வீடுகளிலிருந்து வருடம் முழுவதும் ஒயின் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். லினன் சட்டை, வைக்கோல் தொப்பி, எதைப் பார்த்தாலும் "எவ்வளவு அசல்" என்ற வியப்பு. எங்கள் அங்கிகளைப் பார்த்து எத்தனை நூற்றாண்டு பழையவை என்று கேட்டார். பொருளாளர் மூன்று என்றார்.

ஏழு குடுவைகள். முதல் ஐந்தில் மூன்றுக்கு நூல், இரண்டு மண்ணுக்கு. எல்லாம் சரியான தீர்ப்பு. கூட்டம் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. எம்பனாடா விற்பவள்கூட அடுப்பை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"திபுர்சியோ யபூரா," என்று கூப்பிட்டேன்.

குடுவை மூடியைத் திறந்ததும் நான் பட்டியலைத் தூக்கி மூக்கை மறைத்துக்கொண்டேன். தோன் செவேரோ கிண்ணத்தை உயர்த்தி வெயிலில் நிறம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் நீளமாக இழுத்தார். அந்த இழுப்பில் இருபத்திரண்டு வருடக் கம்பீரம் இருந்தது. குடித்தார். கவிழ்த்தார்.

"நான் குடிச்சாச்சு, இனி நீ, திபுர்சியோ."

"ஏத்துக்கிட்டேன்."

திபுர்சியோ குடித்தான். கண்களை மெல்ல மூடினான். புருவம் சரியான அளவுக்கு உயர்ந்தது. விழுங்கிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான், பாருங்கள், அந்தப் பெருமூச்சைக் கசிமிரோகூடச் சொல்லித்தரவில்லை. தோன் செவேரோ அவன் தொண்டையைப் பார்த்தார். தொண்டை தயங்கவில்லை.

"இதுல," என்று ஆரம்பித்தார், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது, "ஈரப்பாறை இருக்கு. தோலு இருக்கு. வெந்த அத்திப்பழம் இருக்கு. கடைசியில நாக்குல ஒரு உப்பு நிக்குது. அது என்ன உப்பு? மனுச உழைப்போட உப்பு."

பெத்ரோனா முந்தானைபோலப் போட்டிருந்த துப்பட்டியை வாயில் திணித்துக்கொண்டாள். பொருளாளர் அங்கி குலுங்கக் குலுங்கத் திரும்பி நின்றார். எஸ்தேவெஸ் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

தோன் செவேரோ சிவப்பு நூலை எடுத்துத் தானே கட்டினார். கட்டிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். திபுர்சியோவின் தோளில் கையை வைத்தார்.

"போன வருசம் இவன் குடுவைய நான் கவுத்தேன்," என்றார். "அது தப்பாக்கூட இருந்திருக்கலாம். கவுத்திருக்க வேண்டாம். உன் வீட்டம்மாகிட்ட சொல்லு, செவேரோ சொன்னான்னு சொல்லு. திரும்பி வரச் சொல்லு."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. திபுர்சியோவின் புருவம் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்தான். நான் பட்டியலைப் பார்த்தேன்.

நூல் கட்டிய குடுவைக்கு நடுவர் தன் விருப்பப்படி இன்னொருவரைச் சாட்சியாகக் குடிக்கச் சொல்லலாம். எப்போதும் விருந்தாளிகளைத்தான் சொல்லுவார். எஸ்தேவெஸ் தயாராகத் தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டார். ஆனால் தோன் செவேரோ மறுபடி ஒரு கிண்ணம் குடித்துவிட்டு முதல் வரிசையைப் பார்த்தார்.

"நான் குடிச்சாச்சு. இனி நீ, எர்மினியா."

எங்களில் யாரும் இதை யோசிக்கவில்லை.

தோன்யா எர்மினியா எழுந்து வந்தாள். கிண்ணம் மார்பளவு வரும்போதே அவள் கை நின்றது. கிண்ணத்தைப் பார்த்தாள். திபுர்சியோவின் காலைப் பார்த்தாள்; ஊதா இன்னும் போகாத கால். பிறகு சதுக்கத்தைப் பார்த்தாள். இருநூறு பேர். பாதி வாய்கள் சிரிப்பதற்காகத் திறந்தபடி நின்றுவிட்டிருந்தன. அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

"ஏத்துக்கிட்டேன்," என்றாள்.

முழுவதையும் குடித்தாள். அவசரப்படவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கோடு அசையவில்லை. ஆனால் எட்டு மாதமாக அவர் அந்த ஒரு முகத்தைப் பாடப்புத்தகம் மாதிரிப் படித்திருந்தார். ஒன்றும் இல்லாத முகத்தை அவளிடம் அவர் பார்த்ததே இல்லை. அவர் தோள் மெதுவாக இறங்கியது. திரும்பி எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு தலையும் குனிந்தது, யாரோ வரிசையாகத் தட்டிவிட்டதுபோல.

அப்போதாவது நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. மேல் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது," என்றார்.

"ருஃபினா லியேந்த்ரோ."

அவள் குடுவையைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தாள். முந்தினது என்ன, கூட்டம் ஏன் வாயடைத்து நிற்கிறது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் முறை வந்திருக்கிறது, அது போதும். தோன் செவேரோ குடித்தார். கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல், "இனி நீ," என்றார்.

"ஏத்துக்கிட்டேன்." குடித்தாள். அவள் முகம் முழுவதும் சிரிப்பு பரவியது. மறைக்கத் தெரியாத சிரிப்பு.

"சிரிக்கிற," என்றார்.

"தானா வருது தோன் செவேரோ. நீங்களே சொல்லுங்க, நல்லா இல்ல?"

"உனக்கும் சொல்லிட்டாங்க."

"எதச் சொல்லிட்டாங்க?"

இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சற்றுமுன் திபுர்சியோ காட்டியதும் இதே மாதிரி ஒரு முகம்தான். அவருக்கு வித்தியாசம் தெரிவதற்கு வழி இல்லை. நாங்கள்தான் அந்த வழியை அடைத்திருந்தோம்.

குடுவையை இரண்டு கையாலும் தூக்கினார். "செவேரோ, வேண்டாம்," என்று முதல் வரிசைக்குத் திரும்பியிருந்த தோன்யா எர்மினியா எழுந்தாள். அவள் வாயில் இன்னும் திபுர்சியோ ஊற்றியதன் நாற்றம் இருந்திருக்கும். இதன் வாசனை அவளை எட்டுவதற்குள் பாதிக் குடுவை மண்ணில் இருந்தது. அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. சும்மா கவிழ்த்தார். கடைசிவரை கவிழ்த்தார்.

கொதிக்கும் மண்ணில் விழுந்த ஒயின் எழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பழுத்த பிளம், புகை, மழைக்கு முன்னால் ஓடைப்பக்கம் வரும் காட்டுப் புதினா, எல்லாம் ஒரே சமயத்தில். நான் ஐம்பத்திரண்டு வருடமாக இந்த ஊரில் குடிக்கிறேன். அப்படி ஒன்றை மோந்ததில்லை. சதுக்கத்தின் கடைசியில் நின்றவர்கள்கூட முகத்தைத் தூக்கினார்கள். இருநூறு பேர் ஒரே மாதிரி மூச்சை இழுத்தோம். ஒருவர் வாயும் திறக்கவில்லை. திறந்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளியூர்க்காரருக்கு அந்தச் சங்கடம் இல்லை. எஸ்தேவெஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மன்னிக்கணும் தோன் செவேரோ, நான் கத்துக்குட்டி. ஆனா இவ்வளவு அற்புதமான வாசனைய எதுக்குக் கொட்டினீங்க? இதுல என்ன குறை?"

தோன் செவேரோ காலிக் குடுவையோடு நின்றார். இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்துவைத்த வாக்கியங்களில் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் மனைவி பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும், சாதாரணமாக, சமையலறையில் கேட்பதுபோலக் கேட்டார்.

"என்ன வாசனை, எர்மினியா?"

"நல்ல வாசனை."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"முன்னாடி குடிச்சது?"

அவள் அவர் கையிலிருந்த காலிக் குடுவையை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் தலையை ஆட்டினார். அங்கியைத் தானே கழற்றி, ஜரிகை உள்ளே போகும்படி மடித்து, என் மேசை மேல் வைத்தார். அங்கி இல்லாமல் அவர் சட்டையில் முழங்கை கிழிந்திருந்தது தெரிந்தது. இருவரும் சதுக்கத்தைத் தாண்டிப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை, அது எங்கள் நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒயின் நாசியில் இருக்கும்போது சிரிப்பு வராது, அவ்வளவுதான்.

எஸ்தேவெஸ் ருஃபினாவிடம் போய் எத்தனை குடுவை இருக்கிறது என்று கேட்டார். "இதுதான் இருந்துச்சு," என்றாள். அவர் வருந்தினார். உண்மையாகவே வருந்தினார். பிறகு, ஏற்கெனவே சொன்னபடி நூல் கட்டிய வீடுகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, நான்கு குடுவைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். திபுர்சியோவினுடையதும் சேர்த்து. ஒருவரும் தடுக்கவில்லை. மே மாதம் ஹோட்டலிலிருந்து கடிதம் வந்தது: உப்புச் சுவையுள்ள அந்த ஒயின் விருந்தாளிகளிடையே நல்ல விவாதத்தைக் கிளப்பியிருக்கிறது, இன்னும் இரண்டு குடுவை கிடைக்குமா.

அடுத்த வியாழக்கிழமை சபை கூடியது. தலைவர் உடல்நலம் காரணமாக விலகினார் என்று நான் எழுதினேன். புதிய நடுவராக திபுர்சியோ யபூராவை ஒரு மனதாகத் தேர்ந்தெடுத்தோம். யாராலும் படிக்க முடியாத முகம் அவனுக்கு என்று பொருளாளர் பாராட்டினார். அங்கி கொஞ்சம் நீளம்; கீழே மடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறது. அவன் மனைவி திரும்பி வரவில்லை.

அதற்கு முன்னால், விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை, ருஃபினா என் அலுவலகத்துக்கு வந்தாள். நல்ல சட்டை போட்டு, தலைவாரிக்கொண்டு வந்திருந்தாள்.

"செயலாளரே, நீங்க பக்கத்துலயே நின்னீங்க. உங்களுக்கு வாசனை வந்துச்சா?"

"வந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அத ஒரு காயிதத்துல எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. மேல என் வீட்டுக்கு இனி ஒருத்தரும் வரமாட்டாங்க. அடுத்த வருசம் வரைக்கும் நான் எதையாச்சும் காட்டணும்ல."

இழுப்பறையைத் திறந்தேன். பிறப்புக்குப் படிவம் இருந்தது, இறப்புக்கு இருந்தது, மாடு விற்க, தண்ணீர் முறை மாற்ற, சந்தையில் கூடாரம் போட எல்லாவற்றுக்கும் இருந்தது. புரட்டிக்கொண்டே இருந்தேன். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அதுக்குப் படிவம் இல்ல ருஃபினா."

"வெறும் காயிதத்துல?"

"வெறும் காயிதத்துல சீல் வெக்கக் கூடாது."

சரி என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். நான் நிமிர்ந்து பார்க்காமல் இழுப்பறையைச் சாத்திவிட்டு, அடுத்தவரை உள்ளே வரச் சொன்னேன்.